இயந்திரம் யாருக்குச் சொந்தம்?

2024 ஜூலை 13, சனிக்கிழமை. திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் (ஓடையில்) குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் இழுத்துச் சென்றது. திங்கட்கிழமை காலை தகரப்பறம்பு அருகே உடல் மிதந்தது. அதற்குள் ரயில்வேயும் மாநகராட்சியும் தோடு யார் பொறுப்பு என்று வழக்காடத் தொடங்கிவிட்டன.

தேடுதலுக்கு ரோபோக்களும் வந்தன. அவற்றைச் செய்தது இதே திருவனந்தபுரத்து நிறுவனமான ஜென்ரோபோட்டிக்ஸ். பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் அதன் ‘பாண்டிகூட்’ இயந்திரம் 2018-இலேயே இந்நகரில் இயங்கிக் காட்டியது. ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும் என்ற சாக்கு அன்றோடு செத்தது. மிச்சமிருப்பது அறத்தின் கேள்வி: இயந்திரம் வந்தபின் தொழிலும் ஆதாயமும் யாருடையவை?

தலைமுறை தலைமுறையாகக் கழிவை அள்ள வைக்கப்பட்ட சமூகங்களுக்கே அவை முதலில் உரியவை. கூலி வேலையாக மட்டும் அல்ல, உரிமையாளர் என்ற பெயரோடு.

எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு இதைக் கேட்டுப் பெறும் குரல் இருப்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 9 பேர். அவர்களுக்குள்ளும் துப்புரவுக்கென்றே அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை. அப்பன், மகன், பேரன் என்று நீளும் அந்த வாழ்வை மலையாள எழுத்தாளர் தகழி 1947-இல் ‘தோட்டியின் மகன்’ நாவலாக எழுதினார்.

கேட்டால்தான் கிடைக்கும் என்ற பாடம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. மருத்துவம் படித்த டாக்டர் பல்பு, ஈழவர் சாதியினர் என்பதால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூருக்குப் போனார். 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அரசரிடம் அளித்தார். 1930-களில் ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்திய நிவர்த்தனப் போராட்டம் அரசுப் பணியின் கதவைத் திறந்தது. அரசு விடும் ஒப்பந்தங்களின் கதவு மட்டும் அன்றும் இன்றும் பாதி சாத்தியே கிடக்கிறது.

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று, வேறுபாடு செய்தொழிலால் வருவது என்றார் வள்ளுவர். பொருள் வரும் வழியை உண்டாக்குவதோடு அதை முறையாகப் பங்கிடுவதையும் அரசின் வல்லமையாக இறைமாட்சி அதிகாரத்தில் வைத்தார். கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பாலவன் அவனிடம் பணிவான் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் பாடினான். சோறு தந்தவர் உயிர் தந்தவர் என்பது மணிமேகலையின் நெறி. சோறு தருவதே அறமென்றால், சோறு ஈட்டும் கருவியைக் கையில் தருவதை என்னவென்பது? கல்வியையும் சங்கத்தையும் போற்றிய நாராயண குருவின் இயக்கம் 1905-இல் கொல்லத்தில் தொழிற் பொருட்காட்சியும் நடத்தியது. ஆன்மிகம் பேசியவர்களுக்குக்கூட வயிற்றுப்பாடு விளங்கியிருந்தது.

மறுபக்கமும் உண்டு. வரிப்பணம் வீணாகக் கூடாது, குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்பார்கள். நியாயமே. ஆனால் அந்தக் குறைந்த விலை எங்கே குறைக்கப்படுகிறது? பெரும்பாலும் தொழிலாளியின் பாதுகாப்புக் கருவியிலும் அன்றாடக் கூலியிலும்தான். சாக்கடைத் தொழிலையே மீண்டும் அவர்கள் தலையில் கட்டுகிறீர்களே என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆனால் இயந்திரத்துக்குச் சொந்தக்காரரின் பிள்ளை நாளை வேறு தொழிலுக்குப் போகலாம். கூடை சுமப்பவரின் பிள்ளைக்கு அந்தத் தெரிவு இல்லை. இது சாக்கடையோடு நிற்க வேண்டியதும் இல்லை: ரயில் நிலையக் கடைகளும் வாகன நிறுத்தக் குத்தகையும் டெக்னோபார்க் பராமரிப்புப் பணிகளும் அவர்களுக்கு ஏன் எட்டக்கூடாது?

இயந்திரத்தின் உரிமையைத் தருவது நடக்காத காரியமும் அல்ல. தில்லி குடிநீர் வாரியம் 2019-இல் 200 கழிவகற்றும் வண்டிகளை இறக்கியபோது, துப்புரவுக் குடும்பத்தாரையும் பட்டியல் சாதித் தொழில்முனைவோரையும் வங்கிக் கடனோடு அவற்றின் உரிமையாளராக்கியது. சென்னையிலும் 2024 டிசம்பரில் 200-க்கும் மேற்பட்ட துப்புரவுப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கி வண்டிகள் வழங்கப்பட்டன. கேரளம் எதிலும் முன்னே நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம். இதில் பின்னே நிற்பது அழகல்ல.

ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2012-இல் நடைமுறைக்கு வந்த, சிறு நிறுவனங்களுக்கான கொள்முதல் ஆணை, ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து வாங்கச் சொல்கிறது. குறைந்த விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்ட சிறு நிறுவனமும், விலையை இறக்கச் சம்மதித்தால் ஒரு பங்கைப் பெறலாம். அப்படியிருக்க வரிப்பணம் வீணாகும் என்ற அச்சம் எதற்கு? ஆனால் அதே ஆணை, பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் போட்டிக்கு வராவிட்டால் அந்த 4 விழுக்காட்டை மற்றச் சிறு நிறுவனங்களிடமிருந்து நிரப்பிக்கொள்ள அனுமதிக்கிறது. ஏன் வரவில்லை என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை நீக்கவேண்டும் என்று கேரள நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி பாராமல், அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுந்து கேட்கட்டும்.