நான்காவது கேள்விக்குப் பிறகு

சில வருடங்களுக்கு முன் நியூஜெர்சியில் வேலை பார்த்தபோது, உடன் வேலை செய்த யூத நண்பர் பஸ்கா இரவுக்குத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தங்கள் முன்னோர் வெளியேறியதை நினைவுகூரும் விருந்து அது. செடர் என்கிறார்கள். விருந்து என்றதால் பசியோடு போய்விட்டேன். சாப்பாடு வருவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் வாசிப்பும் பாட்டும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

மேசையிலேயே மிகச் சின்னவள், நண்பரின் தம்பி மகள், ஆறு வயது, எழுந்து நின்று நான்கு கேள்விகளைப் பாடினாள். இன்றைக்கு மட்டும் ஏன் புளிக்காத ரொட்டி, ஏன் கசப்புக் கீரை, ஏன் இரண்டு முறை தொட்டுச் சாப்பிடுகிறோம், ஏன் சாய்ந்து உட்காருகிறோம். அன்றைய இரவு முழுவதும் அந்தக் குழந்தைக்குச் சொல்லும் பதில்தான்.

தால்முட்டில் ஒரு குறிப்பு வருகிறது. ரபி அகிவா பஸ்காவுக்கு முந்தைய பொழுதில் குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம், தூங்கிவிடாமல் இருந்து கேள்வி கேட்கவேண்டும் என்பதற்காக. கேட்கப் பிள்ளை இல்லையென்றால் மனைவி கேட்கவேண்டும். யாருமே இல்லையென்றால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் அறிந்த இரண்டு பண்டிதர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டே ஆகவேண்டும். வாயைத் திறந்தாலே ‘அதிகப்பிரசங்கி’ பட்டம் கிடைத்த வகுப்பறையிலிருந்து போனவன் நான். பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் நான்கு மகன்கள் வந்தார்கள். ஹகாடா என்ற அந்த இரவின் நூலில் நான்கு விதமான பிள்ளைகள்: அறிவாளி, துன்மார்க்கன், அப்பாவி, கேட்கவே தெரியாதவன். தாத்தா ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தார். நண்பரின் பதினாறு வயது மகனுக்குத் துன்மார்க்கன். எல்லோரும் சிரித்தார்கள். வருடாவருடம் நடப்பதுதான் போலிருக்கிறது.

துன்மார்க்கன் என்ன தப்பு செய்தான்? இந்த வழிபாடெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று கேட்கிறான். ‘உங்களுக்கு’ என்றதால் தன்னை விலக்கிக்கொண்டானாம். அவன் பல்லைக் கூசவை, அன்றைக்கு எகிப்தில் இருந்திருந்தால் இவன் மீட்கப்பட்டிருக்க மாட்டான் என்று சொல், என்று நூல் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

பையன் வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தான். “தாத்தா, நாலு பேர்ல இவன் ஒருத்தன்தான் நிஜமா கேக்கறான். இவனை ஏன் அடிக்கணும்?”

“நல்ல கேள்வி,” என்று சொல்லிவிட்டுத் தாத்தா பக்கத்தைப் புரட்டினார்.

எனக்கும் பசி, அதனால் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அறைக்கு வந்து செஃபாரியாவைத் திறந்தேன். யூத நூல்களை இலவசமாகத் தரும் இணைய நூலகம். ஒரு வரியைத் தொட்டால், அந்த வரிமேல் நூற்றாண்டுகளாக நடந்த சண்டைகள் பக்கத்தில் விரியும். பிள்ளைகளை மூலநூலுக்கு இழுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. அங்கேதான் தெரிந்தது, துன்மார்க்கனின் கேள்வி யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் இருப்பது. அங்கே துன்மார்க்கன் யாரும் இல்லை. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் இப்படிக் கேட்பார்கள், இப்படிப் பதில் சொல்லுங்கள் என்று மோசே சாதாரணமாகச் சொல்லிப்போகிறார். ஹகாடாவைத் தொகுத்தவர்கள் அந்தப் பதிலை எடுத்துவிட்டு, 13-ஆம் அதிகாரத்திலிருந்து வேறொரு வசனத்தை வைத்திருக்கிறார்கள். கேட்கவே தெரியாதவனுக்கும் அதே வசனம்தான் பதில். இன்னொன்று: உபாகமத்தில் வரும் அறிவாளி மகனின் கேள்வியிலும், கடவுள் ‘உங்களுக்கு’க் கட்டளையிட்டது என்ன என்றுதான் இருக்கிறது. அவன் பல் மட்டும் தப்பித்துவிட்டது.

ஒரு பிள்ளையைக் ‘கேள்வி கேள்’ என்று கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, அந்தக் கேள்வி எங்கே போய் முடியவேண்டும் என்பதை நாம் முன்பே தீர்மானித்திருந்தால், அதற்குக் கல்வி என்று பெயர் உண்டா?

கார்ட்டூன், செயலி, கோடை முகாம் என்று யூதக் கல்வியில் புதிது புதிதாக வருபவை எல்லாம் எனக்கு ரபி அகிவாவின் கொட்டைகளாகத்தான் தெரிகின்றன. தூங்காமல் வைப்பது சரி, விழித்தவன் கேட்டால்? 1999 முதல் ‘பர்த்ரைட்’ திட்டத்தில் யூத இளைஞர்கள் இஸ்ரேலுக்குப் பத்து நாள் இலவசமாகப் போய்வருகிறார்கள். இதுவரை 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2018 ஜூனில் அப்படிப் போன ஐந்து இளம்பெண்கள் குழுவை விட்டு விலகி, முன்னாள் இஸ்ரேலிய ராணுவத்தினரின் அமைப்பு ஒன்றோடு ஹெப்ரான் போனார்கள். பாலஸ்தீனியர்களின் வாழ்க்கையை எங்களுக்கு ஏன் காட்டவில்லை என்பது அவர்கள் கேள்வி. ஓசியில் வந்துவிட்டு நன்றிகெட்டவர்கள் என்று ஒரு தரப்பு திட்டியது. கேள்விக்குப் பதில்? பல் கூசியதுதான் மிச்சம்.

ஆனால் தாத்தாவையும் என்னால் எளிதாக விட்டுவிட முடியவில்லை. 1939-ல் உலகில் சுமார் 1 கோடியே 65 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். இன்றுவரை அந்த எண்ணிக்கையை அவர்கள் திரும்ப எட்டவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பேரன் ‘உங்களுக்கு’ என்று சொன்னால் அது வெறும் இலக்கணம் இல்லை. பயம் நிஜமானது. அந்தப் பயத்தில் கேட்பவனை அடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் தால்முட்டிலேயே கதை இருக்கிறது.

ரபி யோஹனானும் ரேஷ் லாகிஷும் படிப்புக் கூட்டாளிகள். இரண்டு பேர் ஒரு நூலை நடுவில் வைத்துச் சத்தமாகச் சண்டை போட்டுப் படிக்கும் முறைக்கு ஹவ்ருதா என்று பெயர். இன்று வீடியோ அழைப்பில்கூட நடக்கிறது. ரேஷ் லாகிஷ் முன்பு கொள்ளைக்காரர். யோஹனான்தான் படிக்கக் கூட்டிவந்தார். ஒருநாள் கத்தியும் ஈட்டியும் எந்தக் கட்டத்தில் முழுமையடைந்த பொருளாகின்றன என்று விவாதம். ரேஷ் லாகிஷ் மறுத்துப் பேச, கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா என்று யோஹனான் குத்திவிட்டார். மனஸ்தாபம் முற்றி ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்தார்.

துக்கத்தில் இருந்த யோஹனானுக்குப் புதுக் கூட்டாளியாக எலாசார் என்ற அறிஞரை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் எலாசார் அதற்கு ஆதரவாக ஒரு சான்று கொடுத்தார். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, ரேஷ் லாகிஷ் என்றால் 24 ஆட்சேபம் சொல்லியிருப்பான், நான் 24 பதில் சொல்லியிருப்பேன் என்று புலம்பினார் யோஹனான். துணியைக் கிழித்துக்கொண்டு, இறந்தவர் பெயரைச் சொல்லி எங்கே எங்கே என்று அழுதுகொண்டே அலைந்தார். கடைசியில் புத்தி பேதலித்து இறந்தார்.

அடுத்த வருடமும் என்னை அழைத்தார்கள். நான் சென்னை வந்துவிட்டேன். பிறகு நண்பரிடம் போனில் பேசும்போது, இந்தத் தடவை துன்மார்க்கன் பகுதியை யார் வாசித்தது என்று கேட்டேன்.

“என் பையன்தான். அவனே கேட்டு வாங்கிக்கிட்டான்.”

“தாத்தா?”

“அதை ஏன் கேக்கறே. சாப்பாடு வர ராத்திரி பதினொன்றரை ஆயிடுச்சு.”