விட்டுவிடத்தான் பிடித்தேன்!

ஒரு மீனைக் கொன்ற கதையை இந்த வாரம் சொல்லப்போகிறேன். 'எங்க வீட்லயும்தான் ஞாயித்துக்கிழமையானா மீன் வாங்குறோம், இதுல என்ன சார் கதை?' என்கிறீர்களா? உங்கள் வீட்டு மீன் குழம்புக்காகச் செத்தது. என் மீன் என் சந்தோஷத்துக்காகச் செத்தது. இரண்டும் ஒன்றா, வேறா? படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கம்பத்தில் என் நண்பருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. உள்ளே ஒரு பெரிய குட்டை. அதில் ரோகு, கட்லா குஞ்சுகளை வாங்கி விட்டு வளர்க்கிறார். கரையில் நின்று நிமிர்ந்தால் மேற்கே மலை. அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுக் அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். நெல், தென்னை, திராட்சை என்று கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாக இருப்பது அந்தப் புண்ணியத்தில்தான்.

அதே வெள்ளைக்காரர்கள்தான் இன்னொரு பழக்கத்தையும் இந்த மலைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஃப்ளை ஃபிஷிங். ஊரில் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் பிடித்துப் பழகியவர்கள், ஊர் ஞாபகம் தாங்காமல் மீனையே கப்பலேற்றி வரவழைத்தார்கள். எச்.சி.வில்சன் என்பவர் 1907 வாக்கில் நீலகிரி அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைத்தார். மூணாறு தேயிலைத் தோட்டத்துத் துரைகளும் ஓடைகளில் ட்ரவுட் விட்டார்கள்.

இதையெல்லாம் எங்கேயோ படித்ததில் எனக்கு ஆசை தொற்றிக்கொண்டது. நாற்பது தாண்டினால் சிலருக்கு வீணை, சிலருக்கு யோகா. எனக்குத் தூண்டில்.

நம்மூர்த் தூண்டில் உங்களுக்குத் தெரியும். கம்பு, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு. குண்டின் கனத்தில் நரம்பு தண்ணீருக்குள் போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் குண்டு கிடையாது, புழு கிடையாது. முள்ளில் கோழி இறகையும் நூலையும் சுற்றி ஓர் ஈயைப் போலவோ பூச்சியைப் போலவோ கட்டியிருப்பார்கள். அதற்குக் கனமே இல்லை. அப்புறம் எப்படி எறிவது? கயிறுதான் கனம். லைன் என்கிற அந்தத் தடித்த கயிறு காற்றில் சாட்டை போல விரிந்து, நுனியில் இருக்கும் ஈயைக் கொண்டுபோய் இறக்கிவைக்கும்.

சொல்வதற்குச் சுலபம். இணையத்தில் வீடியோ பார்த்து, மொட்டை மாடியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு பழகினேன். உங்களுக்கு எதிரே கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராடை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அங்கே நிறுத்த வேண்டும். கயிறு பின்னால் முழுதாக நீளும்வரை சும்மா இருக்க வேண்டும். பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அந்த 'சும்மா இருப்பது'தான் கஷ்டம். அவசரப்பட்டால் கயிறு சாட்டை போலச் சொடுக்கும், கழுத்தைச் சுற்றும். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு வாரம் இலவசமாக சர்க்கஸ் பார்த்தார்கள்.

அடுத்தது கருவி வாங்குவது. ஃப்ளை ராடுகளுக்கு நம்பர் உண்டு. மூன்றாம் நம்பர் மெல்லியது, சின்ன மீனுக்கு. ஐந்து நடுத்தரம். ஏழு, எட்டு என்றால் பெரிய மீனை இழுத்துப்போடலாம். கயிறும் அதே நம்பரில் இருக்க வேண்டும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மூணாம் நம்பர் எடுத்துக்கங்க சார். மீன் மாட்டுச்சுன்னா ரொம்ப நேரம் ஃபைட் கொடுக்கும். த்ரில்லே அதுலதான்."

வாங்கினேன். 'ரொம்ப நேரம் ஃபைட்' என்றால் மீனுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மே மாதம். மதியம் பன்னிரண்டு மணி. ஈயை வீசினேன். நாற்பது, ஐம்பது தடவை ஒன்றுமில்லை. திடீரென்று கயிறு இறுகியது. ராடு வில்லாக வளைந்தது. ரோகு! இரண்டு கிலோ இருக்கும். இழுத்தேன், ஓடியது. மறுபடி இழுத்தேன், மறுபடி ஓடியது. கால் மணி நேரம். உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கரைக்கு இழுத்து, காய்ந்த கையால் தூக்கி, நண்பரை இரண்டு போட்டோ எடுக்கச் சொல்லி, பெருந்தன்மையோடு தண்ணீரில் விட்டேன். நான்தான் நவநாகரிகத் தூண்டில்காரன் ஆயிற்றே! பிடிப்பது, விட்டுவிடுவது. அதுதான் கொள்கை.

தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும்.

"என்ன தம்பி, விட்டுட்டீக?"

"பாவம் இல்லையா அய்யா? அதான் உயிரோட விட்டுட்டேன்."

"திங்கலையா?"

"இல்லங்கய்யா. சும்மா விளையாட்டுக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "திங்காத மீனு வாயில எதுக்குத் தம்பி முள்ளு மாட்டணும்?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே குட்டையில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. மல்லாந்த வயிறு. என் ரோகு.

பெரியவர் இறங்கி அதை எடுத்துக்கொண்டார். "ராத்திரிக் கொழம்புக்கு ஆச்சு" என்றார். அன்று அந்த மீனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். பெரியவர் கேட்ட கேள்வி புதிது இல்லை. இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653-ல் தூண்டில் கலையைப் போற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் தொண்டையில் ஒரு முள்ளை மாட்டி, ஒரு குட்டி ட்ரவுட் இழுக்க வேண்டும் என்று பின்னால் வந்த கவிஞர் பைரன் கவிதையிலேயே திட்டிவிட்டார். மீனுக்கு வலிக்காது என்று ரொம்ப காலம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003-ல் பிரிட்டனில் லின் ஸ்னெடனும் சகாக்களும் ட்ரவுட்டின் தலையிலும் வாயைச் சுற்றியும் வலியுணர்த்தும் நரம்புகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் வாயைக் கூழாங்கல்லில் தேய்த்தன. தேய்ப்பதாலேயே அது நம் வலியைப் போன்ற வலிதான் என்று ஆகிவிடுமா என்று வாதாடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். இருக்கட்டும். சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? முள்ளைப் பிடித்திருக்கும் எனக்கா, மாட்டிக்கொண்ட அதற்கா?

சுவிட்சர்லாந்தில் 2008-ல் வந்த விதிப்படி, திருப்பி விடும் எண்ணத்தோடு மீன் பிடிக்கவே கூடாது. சாப்பிடப் பிடிக்கலாம். விளையாடப் பிடிக்கக்கூடாது. சுவிஸ் சர்க்காரும் கம்பத்துப் பெரியவரும் ஒரே கட்சி!

அப்படியானால் தீர்ப்பு முடிந்ததா? இல்லை, எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. காவிரியில் திமில் மஹசீர் என்று ஒரு ராட்சத மீன் உண்டு. கர்நாடகத்தில் பீமேஸ்வரி போன்ற இடங்களில் பிடித்து விடுகிற தூண்டில்காரர்களுக்கென்று முகாம்கள் நடந்தன. வெடி வைத்து மீன் கொன்றவர்களில் சிலர் அங்கே வழிகாட்டிகளாகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். இன்னொரு விஷயம். அந்த முகாம் ஒன்றில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் கணக்கைப் பார்த்துத்தான், திமில் மஹசீர் அழிந்துகொண்டிருப்பதையே ஆராய்ச்சியாளர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. 2018-ல் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகச் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்தது. எல்லோரும் தின்பதற்காகவே பிடித்திருந்தால் அந்தக் கணக்கே இருந்திருக்காது.

நான் பி.காம். படித்தவன். கணக்கு என்றால் எனக்கு முதல் பாடம், ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுத வேண்டும். அன்று குட்டைக்கரையில் சிலிர்ப்பு, போட்டோ, பெருந்தன்மை எல்லாம் என் பக்கம் வரவு. பற்று முழுக்க மீன் பக்கம். 'விட்டுவிட்டேன்' என்ற ஒரு வார்த்தையைப் போட்டுக் கணக்கை நேர்செய்யப் பார்த்தேன். அது கள்ளக்கணக்கு.

அந்த ரோகுவை நான் கரையில் வைத்துக் கொல்லவில்லை. கடையிலேயே கொன்றுவிட்டேன். மெல்லிய ராடால் சீக்கிரம் இழுக்க முடியாது. நீண்ட போராட்டத்தில் மீன் ஓய்ந்துபோகும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாத மதியத்தில், மூச்சுக்குத் திண்டாடும் மீனை மூச்சு வாங்க ஓடவிட்டேன். காய்ந்த கையால் பிடித்து, உடம்பின் வழுவழுப்பை உரித்தேன். அதுதான் கிருமி அண்டாமல் காக்கும் கவசம். அப்புறம் வெளியே தூக்கிப் போட்டோ எடுத்தேன். இத்தனைக்குப் பிறகு 'விடுதலை' கொடுத்தேன்.

சரியான கருவி எது என்று இப்போது என்னைக் கேட்டால் பதில் இருக்கிறது. எனக்கு அதிக த்ரில் தருவது சரியான கருவி இல்லை. எதிரில் இருப்பதன் அவஸ்தையைக் குறைப்பதுதான். இரண்டு கிலோ மீனுக்கு ஏழாம் நம்பர். முள்ளின் நுனிக்குக் கீழே, கழலாமல் இருக்க எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதைக் குறடால் நசுக்கிவிட வேண்டும். கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறினால் ராடை மடக்கிவிட வேண்டும்.

மீனை விட்டுவிடுங்கள், நம் வாழ்க்கையிலும் இப்படித்தானே? வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறோம், கடன் கொடுக்கிறோம், பிள்ளையைக் கண்டிக்கிறோம். 'கடைசியில் நல்லபடியாத்தானே நடந்துக்கிட்டேன்' என்று நெஞ்சைத் தடவிக்கொள்கிறோம். ஆரம்பத்தில் எந்தக் கருவியைக் கையில் எடுத்தோம் என்று யோசித்துப் பார்ப்பதில்லை. கடைசி நிமிஷக் கருணை சுலபம். முதல் நிமிஷக் கவனம்தான் கஷ்டம்.

போன மாதம் ஏழாம் நம்பர் ராடோடு மறுபடி கம்பம் போனேன். முள்ளை நசுக்கியிருந்தேன். விடிகாலை ஆறு மணி. பெரியவர் மூங்கில் கம்போடு கரையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அம்புட்டும் சரித்தேன் தம்பி. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே?"

தக்கையைப் பார்த்தபடி கேட்டார். நான் ராடை உறையிலிருந்து எடுக்காமல், கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.