கடை மூடும்போது யார் யாருக்குக் கடன்பட்டவர்?

பெரிய கடைத்தொடர் ஒன்று நொடித்துப்போய் எல்லாக் கிளைகளையும் மூடும்போது, சில வாரங்களுக்கு இரு வகை மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் மலிவு விலைக்குப் பொருள் வாங்க வந்தவர். மற்றவர் அந்தப் பொருள்கள் விற்றுத் தீர்ந்ததும் வேலை இழக்கப்போகிறவர். அலமாரி எவ்வளவு வேகமாகக் காலியாகிறதோ, அவ்வளவு வேகமாக ஊழியரின் கடைசி நாள் நெருங்குகிறது. பிறருக்கு நேர்ந்த கேட்டிலிருந்து தனக்கு வரும் ஆதாயத்தை ஒருவர் ஏற்கலாமா, ஏற்றால் அவருக்கு என்ன கடமை உண்டு என்பது மிகப் பழைய அறக்கேள்வி. மூடும் கடை அந்தக் கேள்வியைச் சாதாரண மனிதர்களின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இரண்டு கடைத்தொடர்கள்

பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் தன் முதல் கடையை 1909-இல் லிவர்பூலில் திறந்தது. மிட்டாய், பொம்மை, பாத்திரம், எழுதுபொருள் என வீட்டுக்கு வேண்டியதெல்லாம் விற்ற அந்தப் பெயர் ஒரு நூற்றாண்டு காலம் கடைத்தெருக்களின் அடையாளமாக இருந்தது. 2008-இல் அதற்கு 807 கடைகளும் சுமார் 27,000 ஊழியர்களும் இருந்தனர். கடன் சுமை ஏறிப்போனதால், கடைகளை ஒட்டுமொத்தமாக ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாற்றும் பேச்சுகூட நடந்தது, அதுவும் முறிந்தது. நவம்பர் 26 அன்று நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. டிசம்பர் 11 அன்று இறுதி விற்பனை தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் கடைகள் தொகுதி தொகுதியாக மூடப்பட்டு, 2009 ஜனவரி 6-க்குள் எல்லாம் முடிந்தது.

அமெரிக்காவின் டாய்ஸ் ஆர் அஸ் வீழ்ந்த விதம் வேறு. 2005-இல் கேகேஆர், பெய்ன் கேப்பிடல், வொர்னாடோ ஆகிய மூன்று முதலீட்டு நிறுவனங்கள் அந்தப் பொம்மைக் கடைத்தொடரைச் சுமார் 660 கோடி டாலருக்கு வாங்கின. வாங்குவதற்குத் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி கடன். அந்தக் கடன், நிறுவனத்தை வாங்கியவர்களின் மீது அல்லாமல் வாங்கப்பட்ட நிறுவனத்தின் மீதே ஏற்றப்பட்டது. கடைகளைப் புதுப்பிக்க வேண்டிய வருமானம் ஆண்டுதோறும் வட்டிக்கே போனது. 2017 செப்டம்பரில் திவால் மனு, 2018 மார்ச்சில் மூடும் அறிவிப்பு, ஜூன் இறுதியில் கடைசிக் கதவு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கும் பணிநீக்கத் தொகை கிடைக்கவில்லை.

இறுதி விற்பனைக்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. சரக்கை விற்றுப் பணமாக்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பெரும்பாலும் இதை நடத்துகின்றன. முதல் வாரங்களில் தள்ளுபடி குறைவாகவே இருக்கும். கடையின் வழக்கமான சலுகைச் சீட்டுகள் ஒருகட்டத்தில் செல்லாமல் போகும். விற்ற பொருளைத் திரும்ப வாங்கமாட்டார்கள். வாரம் ஏற ஏறத் தள்ளுபடியும் ஏறும். கடைசியில் அலமாரி, கூடை, மேசை, நாற்காலிக்கும் விலைச்சீட்டு ஒட்டப்படும். இந்த விலைகளில் எதையும் கல்லாவில் நிற்கும் ஊழியர் தீர்மானிப்பதில்லை. ஆனால் எல்லா விலைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மலிவில் வாங்குவது தவறா?

மூடும் கடையில் வாங்குவோர் நடந்துகொள்ளும் முறை நாடு மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை. வாசலில் கூட்டம் முண்டும். தள்ளுபடி போதவில்லை என்று கோபம் எழும். அடுத்த வாரம் விலை இன்னும் இறங்கும் என்று எண்ணிப் பொருளை வேறு அலமாரியில் ஒளித்துவைப்பவர் உண்டு. பெட்டியைப் பிரித்துப் பார்த்து அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போகிறவர் உண்டு. மூடப்போகிற கடைதானே, ஒழுங்கு எதற்கு என்ற எண்ணம் கூட்டத்தில் வேகமாகப் பரவுகிறது.

இவற்றை ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. மலிவு விலைக்கு வாங்குவதே குற்றமா என்ற கேள்வியை முதலில் தனியே பிரித்து எடுக்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் தொகைநூலில் வாங்கல் விற்றல் பற்றித் தனியாக ஆராய்ந்தார். பொருளை இழப்பதால் விற்பவருக்கு நட்டம் உண்டானால் அதற்கு ஈடாக விலையை உயர்த்தலாம். ஆனால் வாங்குபவரின் தேவை பெரிது என்பதை மட்டும் காரணமாக்கி விலையை ஏற்றக் கூடாது. அந்தத் தேவை விற்பவருக்குச் சொந்தமானது அல்ல, சொந்தமில்லாததை விற்க அவருக்கு உரிமையும் இல்லை என்பது அவர் வாதம். இதைத் திருப்பிப் பார்த்தால், விற்பவரின் இக்கட்டை வாங்குபவர் தன் முதலாக்கிக்கொள்ளக் கூடாது என்று வரும்.

அந்த விதி மூடும் கடைக்குப் பொருந்துமா? பட்டினியால் ஒரு விவசாயி தன் மாட்டைப் பாதி விலைக்கு விற்கும்போது வாங்குபவர் அவரது துன்பத்தில் நேராகக் கைவைக்கிறார். கடைத்தொடரின் இறுதி விற்பனையில் விற்பவர் ஊழியர் அல்லர், திவால் நிர்வாகம். வாங்குபவர் கொடுக்கும் பணம் கடன் கொடுத்தவர்களுக்கும் நடைமுறைச் செலவுக்கும் அந்த வாரச் சம்பளத்துக்கும் போகிறது. எல்லோரும் வாங்காமல் திரும்பிப் போனால் ஒரு வேலைகூடக் காப்பாற்றப்படாது. வருமானம் குறைந்த குடும்பம் பிள்ளைக்குக் குளிர்காலச் சட்டையைப் பாதி விலையில் வாங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆகவே வாங்கும் செயலில் தவறு இல்லை. தவறு வேறிடத்தில் தொடங்குகிறது.

விலையும் மாண்பும்

இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறவியல் நூல் அந்த இடத்தைக் காட்ட உதவுகிறது. ஈடாக வேறொன்றை வைக்கக்கூடியது எதுவோ அதற்கு விலை உண்டு. ஈடே வைக்க முடியாதது எதுவோ அதற்கு மாண்பு உண்டு என்று அவர் பிரித்தார். மனிதர் இரண்டாம் வகை. பிறர் உழைப்பைப் பயன்படுத்தாமல் யாரும் வாழ முடியாது என்பதைக் காண்ட் மறுக்கவில்லை. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்துவதையே அவர் தடுத்தார்.

இறுதி விற்பனையில் கண்ணில் படும் ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு தொங்குகிறது. ஆணியும் பலகையும்கூட விற்பனைக்கு. அந்தச் சூழலில் சீட்டு இல்லாமல் நிற்கும் ஒரே இருப்பு ஊழியர்தான். அவரையும் மிச்சச் சரக்கின் ஒரு பகுதியாகக் காணும் பார்வை அங்கே எளிதில் வந்துவிடுகிறது. தரையில் எறியப்பட்ட துணியை எடுத்து மடிப்பவர் யார் என்று எண்ணாதபோது, இல்லாத தள்ளுபடிக்காக அவரை அதட்டும்போது, வேலை போகப்போகிறவர்தானே என்று மரியாதையைக் குறைக்கும்போது, வாங்குபவர் எல்லையைத் தாண்டுகிறார். சிறிய தவறுதான், ஆனால் ஒரே நாளில் நூறு பேர் அதைச் செய்தால் தாங்குபவருக்கு அது சிறியதாக இருப்பதில்லை.

இரக்கத்தோடு கேட்கப்படும் கேள்வியும் இதிலிருந்து தப்புவதில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று வாடிக்கையாளர்கள் ஊழியரிடம் கேட்கிறார்கள். பில் போடும் நேரத்தில் கேட்டுவிட்டு, பதில் முடியும் முன் பையை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய் 1934-35-இல் ஆசிரியப் பணியிலிருந்து விடுப்பெடுத்துப் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்தார். துன்பப்படுபவருக்கு முதலில் வேண்டியது கவனம் என்பது பிற்பாடு அவர் சிந்தனையின் மையமானது. கவனம் என்பது தன் நினைப்பை ஒதுக்கிவைத்து மற்றவரின் நிலை தன்னுள் இறங்க இடம் கொடுப்பது. ஆவலும் கவனமும் ஒரே சொற்களில் கேள்வி கேட்கலாம். பதிலுக்காகக் காத்திருப்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஐம்பது முறை அதே கேள்வி வந்தும் ஒரு பதிலாவது கேட்கப்படாதபோது ஊழியர் சலித்துப்போவது நன்றியின்மை ஆகாது.

திசை மாறிய கோபம்

ஊழியரின் கோபத்தில் பல அடுக்குகள் உண்டு. வேலை போகிறது என்ற அச்சம், எப்போது என்று உறுதியாகச் சொல்லாததால் வரும் தவிப்பு, ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக வைத்திருந்த இடம் கண்ணெதிரே சிதைவதைப் பார்க்கும் வேதனை, அந்தச் சிதைவைத் தானே பெருக்கி எடுக்க வேண்டிய அவமானம். இவை எல்லாம் கல்லாவுக்கு எதிரே நிற்கும் வாடிக்கையாளர்மேல் பாய்கின்றன. காரணம் எளிது: கடன் ஏற்றிய முதலீட்டாளரும் தவறான முடிவு எடுத்த மேலாளரும் மூடும் தேதியை முடிவு செய்தவரும் கடைக்குள் இல்லை. கோபம் நியாயமானது, அது போய்ச் சேரும் இடம்தான் மாறிப்போகிறது.

அப்படியானால் குற்றம் யாருடையது? கடன் கொடுத்த வங்கி தன் பணத்தைக் கேட்டது. நிர்வாகி சட்டப்படி நடந்தார். வாடிக்கையாளர் மலிவான இடத்தில் வாங்கினார். தனித்தனியே பார்த்தால் பெரும் குற்றவாளி யாரும் அகப்படாமல் போகலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நேர்ந்த அநீதி மட்டும் கண்முன் இருக்கும். அமெரிக்க அரசியல் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங், அமைப்பு சார்ந்த அநீதி என்று இத்தகைய நிலையை விளக்கினார். இங்கே பழியும் பொறுப்பும் ஒன்றல்ல. பழி, நடந்து முடிந்ததைப் பார்க்கிறது. குற்றம் செய்தவரைத் தேடுகிறது. பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கிறது. அந்த அமைப்பில் பங்குகொண்டு அதைத் தொடரவைக்கும் எல்லோர்மேலும், அவரவர் அதிகாரத்துக்கும் அடைந்த ஆதாயத்துக்கும் ஏற்ற அளவில் அது விழுகிறது. இந்த அளவுகோலில் வாடிக்கையாளருக்குப் பழி இல்லை. சிறிய பொறுப்பு உண்டு. லாபத்தைத் தமக்கும் கடனை நிறுவனத்துக்கும் ஒதுக்கியவர்களுக்குப் பெரிய பொறுப்பு உண்டு.

நினைவேக்கத்தின் எடை

கடை மூடுகிறது என்ற செய்தி வந்ததும் குழந்தைப் பருவ நினைவுகள் பெருக்கெடுக்கின்றன. பல ஆண்டுகள் எட்டிப் பார்க்காதவர்களும் வந்து படமெடுத்துக்கொள்கிறார்கள். வூல்வொர்த்ஸில் கடைசியாக விற்கப்பட்ட ஒரு பை கலவை மிட்டாய் 2009-இல் இணைய ஏலத்தில் 14,500 பவுண்டுக்குப் போனதாகச் செய்தி வந்தது. அந்தத் தொகை அறப்பணிக்கு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் எல்லாக் கடைகளும் சேர்ந்து ஒரு பவுண்டுக்குப் பேசப்பட்ட நிறுவனம் அது.

இந்தத் துக்கத்தைப் போலி என்று ஒதுக்கக் கூடாது. பயன் கருதிய நட்பு பயன் தீர்ந்ததும் முடிந்துவிடும் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அத்தகையோர் ஒருவரையொருவர் நேசிக்கவில்லை, கிடைக்கும் பயனையே நேசிக்கிறார்கள் என்பது அவர் விளக்கம். கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் இதுதான். ஆயினும் கண்ணீர் வருகிறது என்றால், அந்த உறவில் பயனுக்கு அப்பாலும் ஏதோ இருந்திருக்கிறது. அதை உண்டாக்கியவை பெயர்ப்பலகையும் நிறமும் அல்ல. பெயர் சொல்லி விசாரித்த, குழந்தை கேட்ட பொம்மையைப் பின்னறையில் போய்த் தேடிக் கொண்டுவந்த ஊழியர்கள். இங்கிலாந்தின் டார்செஸ்டரில் மூடப்பட்ட வூல்வொர்த்ஸ் கடையை அதன் முன்னாள் மேலாளர் 2009 மார்ச்சில் பழைய ஊழியர்களையே கொண்டு வேறு பெயரில் திறந்தார் என்பது, கடை எதனால் கடையாகிறது என்பதைக் காட்டுகிறது. நினைவேக்கம் நேர்மையானது என்றால் அது பழைய பொருளோடு நிற்காமல் மனிதரிடம் போய்ச்சேர வேண்டும்.

தானமும் கடனும்

கூலியைத் தாமதிக்கலாகாது என்பதில் சமயங்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபடுகின்றன. யூத மறையின் உபாகமம், ஏழைத் தொழிலாளியின் கூலியை அன்று பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது. அவன் அதையே நம்பி இருக்கிறான் என்பது அது தரும் காரணம். உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி தரவேண்டும் என்பது இஸ்லாமிய மரபில் நபிமொழியாக வழங்குகிறது. 1981-இல் போப் இரண்டாம் ஜான் பால், மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். இவற்றின் உட்கருத்து ஒன்றே: கூலி அருளும் பரிசு அல்ல, தீர்க்க வேண்டிய கடன்.

திவால் சட்டத்தின் வரிசை வேறு. பிரிட்டனில் அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களின் உரிமை அந்த அடமானச் சொத்தின்மேல் முதலில் நிற்கிறது. ஊழியரின் நிலுவைச் சம்பளத்தில் 800 பவுண்டு வரைதான் முன்னுரிமை; மிச்சம் பிணையில்லாக் கடனோடு வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. அரசின் காப்பு நிதி ஓரளவு கைகொடுக்கிறது.

எண்ணிக்கையும் விதியைத் தீர்மானித்தது. ஒரே பணியிடத்தில் 20 பேர் அல்லது அதற்கு மேல் நீக்கப்படுவதாக இருந்தால் முன்கூட்டியே தொழிற்சங்கத்தைக் கலந்து பேசவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். வூல்வொர்த்ஸில் அது முறையாக நடக்கவில்லை என்று தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், 2012-இல் சுமார் 24,000 பேருக்கு இழப்பீடு கிடைத்தது. இருபதுக்குக் குறைவானோர் வேலை செய்த சிறிய கடைகளின் சுமார் 3,200 ஊழியர்களுக்குக் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டில் ஒருமுறை அவர்கள் வென்றார்கள். 2015 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒவ்வொரு கடையையும் தனிப் பணியிடமாகக் கொள்ளலாம் என்று சொன்னதும் அந்த நம்பிக்கை முடிந்தது. ஒரே நிறுவனம், ஒரே சீருடை, ஒரே வேலை. பக்கத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை வைத்து ஒருவர் பெற்றார், ஒருவர் பெறவில்லை. சட்டத்தின் எல்லைக்கோடு அறத்தின் எல்லைக்கோடு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டாய்ஸ் ஆர் அஸ் ஊழியர்கள் தம் கோபத்தைச் சரியான இடத்துக்குத் திருப்பினார்கள். முதலீட்டு நிறுவனங்களின் அலுவலகங்களுக்கு முன் கூடினார்கள். 2018 நவம்பரில் கேகேஆரும் பெய்னும் சேர்ந்து 2 கோடி டாலர் உதவி நிதி அமைத்தன. அது சட்டக் கட்டாயத்தால் வந்ததல்ல, தானமாகவே வந்தது. 2020-இல் நியூஜெர்சி மாநிலம் இயற்றிய சட்டம் அத்தகைய தொகையைக் கடனாக மாற்றியது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் கூட்டமாக ஆட்குறைப்பு செய்யும்போது 90 நாள் முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளமும் தரவேண்டும். தானம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. கடன் என்பது பெறுபவரின் உரிமை. உழைத்தவர் கைநீட்டாமல் தலைநிமிர்ந்து கேட்கும் நிலையைச் சட்டம் உண்டாக்க முடியும் என்பதே அந்த மாற்றத்தின் பொருள்.

கடமைகளின் வரிசை

மூடும் கடையில் எல்லோரும் சமமாகக் கடன்பட்டவர்கள் அல்லர். உரிமையாளரும் முதலீட்டாளரும் ஊழியருக்குக் காலத்தையும் உண்மையையும் கடன்பட்டிருக்கிறார்கள்: முன்னறிவிப்பு, உறுதியான தேதி, உழைத்த ஆண்டுகளுக்கு ஈடான தொகை. சட்டம் இயற்றுவோர் வரிசையைத் திருத்தக் கடன்பட்டிருக்கிறார்கள். சம்பளத்தையே நம்பி வாழ்பவரை, இழப்பைத் தாங்கக்கூடியவருக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது. வாடிக்கையாளர் கவனத்தைக் கடன்பட்டிருக்கிறார்: எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது, விலைக்காக அதட்டாமல் இருப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை நிற்பது. குடிமகன் என்ற முறையில் அந்தச் சட்டத் திருத்தத்தைக் கோருவதும் அவர் பங்கில் சேரும். ஊழியருக்கும் ஒரு கடமை உண்டு: தன் நியாயமான கோபத்தை எதிரே நிற்கும் எளியவர்மேல் இறக்காமல், பதில் சொல்ல வேண்டியவர்களிடம் சேர்ந்து கொண்டுபோவது. மலிவு விலைப் பொருளை யாரும் குற்ற உணர்வின்றி வாங்கலாம். அதை விற்றுக்கொடுத்தவரின் மாண்பு அந்த விலையில் அடங்கவில்லை என்பதை மறக்காதவரை.