பழைய சைக்கிளும் பற்றும்

பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்று, முதுமையும் எய்திவிட்ட ஒரு சைக்கிள் வீரர், எப்போதோ கைவிட்டுப்போன தம் பழைய பந்தய சைக்கிளை மீண்டும் அடைய வேண்டுமென்று ஏங்குவாரானால், அந்த ஏக்கத்தை ஞானிகள் கண்டித்த பற்று என்று தள்ளிவிடுவதா, அன்றி மனித இருதயத்திற்கு இயல்பான நன்றி என்று போற்றுவதா? சைக்கிள் பந்தயத்தை ஏறக்குறைய ஒரு விரதமாகவே அனுஷ்டிக்கும் இத்தாலி போன்ற நாடுகளில் இத்தகைய முதியவர்கள் உண்டு. அவர்களுடைய விருப்பத்தை அற்பமென்று நான் நினைக்கவில்லை.

முதலில் எழும் ஆட்சேபம் பௌத்தருடையது. யவன அரசனான மிலிந்தனிடம் நாகசேனர், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வோர் உறுப்பாக வினவி, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு வழங்கும் பெயர் மாத்திரமே என்று நிலைநாட்டினார். பந்தய சைக்கிளுக்கு இவ்வாதம் இன்னும் நன்றாகவே பொருந்தும்; ஏனெனில் டயரும் செயினும் தேயத்தேய மாற்றப்படுகின்றன, ரிம் வளைந்தால் வேறு ரிம் வருகிறது, முதல் பந்தயத்தில் இருந்தவற்றுள் பல, கடைசிப் பந்தயத்தில் இருப்பதில்லை.

ஆயினும் பிரேம் எஞ்சி நிற்கிறது. எஃகுக் காலத்து இத்தாலியக் கைவினைஞர், வீரரின் கால், கை, உடல் ஆகியவற்றின் நீளத்தை அளந்தெடுத்து, மிலான் நகரத்துக் கொலம்பஸ் ஆலையின் மெல்லிய எஃகுக் குழாய்களை அவ்வளவுக்கு அறுத்து, மூட்டுகளில் செருகி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்து அதை உருவாக்குவார். ஆதலால் ஒரு மனிதனின் இளமைக்கால உடம்பு, அவன் முதுமையடைந்த பின்னும், அளவு குன்றாமல் அந்த எஃகிலே நிலைத்திருக்கிறது. பிறர் அதில் ஏறி ஓட்டலாம். அது அவர்களுக்காகப் பிறந்ததன்று. அந்த உடம்பும் க்ஷணந்தோறும் மாறியதல்லவா என்று நாகசேனர் கேட்பார், மெய்தான். தாழ்ந்த ஹேண்டில்பாரின்மேல் குனிய இன்று அம்முதியவரின் முதுகு இணங்காது. ஆனால் இதுவே அவருடைய விருப்பம் போகத்தை நாடியதன்று என்பதற்குச் சாட்சி. லோபம் இன்னும் சிறந்ததைக் கண்டால் அதன்பால் தாவும். இவரோ புதிய கார்பன் சைக்கிள் ஒன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாமென்று, அந்த ஒன்றையே கேட்கிறார்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் நம் பாகவதத்திலேயே இருக்கிறது. ராஜ்யத்தைத் துறந்து வனம் புகுந்த பரதன், தாயிழந்த மான்குட்டியிடம் வைத்த அன்பினால் மறுபிறவியில் மானாகவே பிறந்தான். லோபமற்ற அன்பும் பந்தமாகலாம் என்பதை நான் மறுக்கத் துணியேன். தேடும் பொருள் கிட்டாவிடில் சாந்தி அழிந்துபோகுமென்றால் அந்தத் தேட்டம் ஆகாது. ஆனால் கிடைத்ததை ஈசுவரனிடம் ஒப்புவிக்கவும் மனம் இசையுமானால், அதைப் பந்தம் என்பது எங்ஙனம்?

கோமோ ஏரியின் அருகே, 754 மீட்டர் உயரத்தில் உள்ள கிசல்லோ குன்றின் மாதா கோவிலில் இவ்வாறு ஒப்புவிக்கப்பட்ட சைக்கிள்கள் இருக்கின்றன. அங்குள்ள மாதாவை 1949-ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் சைக்கிள் வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995-இல் பிரெஞ்சுப் பந்தயத்தின்போது பிரனீஸ் மலைச்சரிவில் விழுந்து உயிர்நீத்த ஃபாபியோ கசர்தெல்லி அன்று ஓட்டிய சைக்கிளும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. உலகப் பற்றைக் கடியும் திருச்சபையே, தேய்ந்த எஃகுக்குத் தன் சந்நிதியில் இடமளித்திருக்கிறது.

ஆகவே ஒரு முதிய வீரரின் பழைய பந்தய சைக்கிளை இன்று வைத்திருப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியில் எண் பொறித்திருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள், அதற்கு உரியவர் உயிரோடிருந்து தேடுகிறார் என்று அறிந்தால், நீங்கள் கொடுத்த விலையை மாத்திரம் பெற்றுக்கொண்டு, காலந்தாழ்த்தாமல் அவரிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.