நன்றியா? நீதியா?

அயர்லாந்து நாட்டு இல்லங்களில் வழிவழியாகச் செய்யப்பட்டு வரும் பழரொட்டி ஒன்று உண்டு. 'பிராக்' என்பது அதன் பெயர். அந்நாட்டுப் பழைய மொழியில் இச்சொல்லுக்குப் 'புள்ளிகள் நிறைந்தது' என்று பொருள். வெட்டிய துண்டில் உலர்திராட்சைகள் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அமைந்த பெயர் இது. புளிக்கவைத்த மாவில் செய்வது ஒரு வகை. உலர்பழங்களை இரவு முழுவதும் தேநீரில் ஊறவைத்துச் செய்வது மற்றொரு வகை. இவ்விரண்டாவது வகையே நம் சிந்தனைக்கு உரியது. கொள்ளிட வடகரையில், தா.பழூரில் வாழும் நமக்கும் அயர்லாந்து ரொட்டிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, அது தேநீரின் வழியாக வருகிறது.

முதலில் அதன் செய்முறையைப் பார்ப்போம். கறுப்பும் மஞ்சளுமாகக் கலந்த உலர்திராட்சை 350 கிராம், நாட்டுச் சர்க்கரை 200 கிராம் ஆகியவற்றை ஒரு பாத்திரத்திலிட்டு, பால் சேராத கடுந்தேநீர் 300 மில்லி லிட்டர் சூடாக ஊற்றி, மூடி வைத்துவிட வேண்டும். விடிவதற்குள் சுருங்கிக் கிடந்த பழங்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடும். காலையில் 250 கிராம் மைதா மாவோடு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சிறிது பட்டைத் தூளும் கலந்து சலித்து, ஒரு முட்டையை அடித்துச் சேர்த்து, ஊறிய பழங்களைத் தேநீரோடு அதில் கொட்டிக் கிளற வேண்டும். நெய் தடவிய தட்டில் ஊற்றி, 160 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வேகவைத்தால் ரொட்டி ஆயத்தம். மின் அடுப்பு இல்லாதவர்கள், கனத்த பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன் நடுவே தட்டை வைத்து மூடி, இளந்தீயில் வேகவிடலாம். ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கும்போது மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது என்று அறியலாம்.

இதில் வெண்ணெய் சேர்வதில்லை. பழங்கள் உள்வாங்கிய ஈரமே ரொட்டியை மென்மையாக வைத்திருக்கிறது. தேநீரின் துவர்ப்பு, சர்க்கரையின் இனிப்பு திகட்டாமல் காக்கிறது. மலிவான பொருள்களும் ஓர் இரவின் பொறுமையும் போதும். எளியோர் வீட்டுப் பண்டம் இது என்பதை அதன் செய்முறையே சொல்லிவிடும்.

அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்திய இரவில், அதாவது அக்டோபர் 31 அன்று, இந்த ரொட்டி இனத்தை வைத்து அந்நாட்டில் ஒரு விளையாட்டு நடைபெறுவது வழக்கம். மாவினுள் ஒரு மோதிரம், ஒரு காசு, ஒரு கந்தல்துணி ஆகியவற்றை மறைத்து வைத்து வேகவைப்பார்கள். மோதிரம் உள்ள துண்டு யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு அவ்வாண்டில் திருமணம். காசு கிடைத்தவருக்குச் செல்வம். கந்தல் கிடைத்தவருக்கு வறுமை. விளையாட்டில் ஒருவர் கைக்குக் காசும் இன்னொருவர் கைக்குக் கந்தலும் வருவது கண்டு சிரிக்கலாம். வாழ்க்கையிலும் அப்படியே பங்கிடப்படுவதைக் கண்டு சிரிக்க முடியுமா? அந்த ரொட்டியில் ஊறிய தேநீரின் வரலாறு இக்கேள்வியைத்தான் நம்முன் வைக்கிறது.

அயர்லாந்தின் வயல்களில் தேயிலை விளைவதில்லை. அது கடல் கடந்தே வரவேண்டும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் இலைநோய் கண்டு காப்பித் தோட்டங்கள் அழிய, மலைநாடெங்கும் தேயிலை பரவியது. அதைக் கிள்ளிய கைகள் யாருடையவை? திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற ஏழைத் தமிழரின் கைகள் அவை. நம் உடையார்பாளையம் வட்டமும் அந்நாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவர்களில் பலரைக் கடல் கடக்க வைத்தது. வழிச்செலவே கடனாகத் தலையில் ஏறியது. அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக வழியில்லை. கடன் எளிதில் தீரவும் இல்லை.

ரொட்டி செய்த அயர்லாந்துத் தாயும் செல்வச் சீமாட்டி அல்லள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்களைப் பறிகொடுத்த நாடு அவளுடையது. பிள்ளைகளுக்கு ஓர் இனிப்புப் பண்டம் செய்து தர எண்ணி அவள் தேநீரைக் கொதிக்கவைத்தாள். மலைச்சரிவில் கூடை சுமந்து நின்ற தமிழ்ப்பெண்ணை அவள் கண்டதில்லை. அவளை இவளும் கண்டதில்லை. ஆயினும் ஒருத்தியின் வியர்வை மற்றொருத்தியின் வீட்டு மேசைக்குச் சுவையாக வந்து சேர்ந்தது. அப்படியானால் உண்பவர், கிள்ளியவருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்?

'நன்றி' என்பதே உடனே நம் நாவில் எழும் விடை. செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழி பேசுவோர் அல்லவா நாம்! ஆனால் இவ்விடையைச் சற்று நின்று ஆராய வேண்டும். புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் நன்றியுணர்வை நீதியோடு இணைந்த ஒரு நற்பண்பாக வைத்துப் பேசுகிறார். ஒருவர் செய்த உதவியில், கொடுத்த பொருளைவிடக் கொடுத்தவரின் உள்ளமே பெரிதென எண்ண வேண்டும் என்று, உரோமை ஞானி செனேக்காவின் வழிநின்று விளக்குகிறார். மனமுவந்து அளிப்பதே உதவி. அதற்கு ஈடாக அமைவதே நன்றி.

தேயிலை கிள்ளிய பெண் மனமுவந்து நமக்கு எதையும் அளிக்கவில்லை. நாம் யாரென்றே அவள் அறியாள். பசியும் கடனும் அவளை மலையேற்றின. அவள் தந்தது கொடையன்று. அவளிடமிருந்து பெறப்பட்டது உழைப்பு. உழைப்புக்கு உரியது கூலி. கூலி குறைந்தபோது அந்தக் குறையை நன்றியால் நிரப்ப முடியாது. பிடுங்கிய பொருளுக்கு நன்றி சொல்பவன், உரியவரைத் தன்னை அறியாமலே வள்ளலாக்கி, தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்துக்கொள்கிறான். நன்றி என்னும் அழகிய சொல் நீதியை மறைக்கும் திரையாகிவிடும் இடம் இதுவே.

இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு இதற்குச் சான்று. அந்நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்று அவர்களைப் புகழாதார் இல்லை. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் லட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் மனிதரைத் துண்டு போட்டபோது, எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அவர்களை யாரும் முன்னதாகக் கேட்கவில்லை. அங்கேயே எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இல்தான் சட்டம் வந்தது. பாராட்டுரைகள் ஒரு குடியுரிமைச் சீட்டுக்கு ஈடாகவில்லை.

"எங்கோ நடந்த அநீதிக்கு, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்ற கேள்வி எழுவது இயல்பே. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் வெளியிட்ட, மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் 'மறைமுக முதலாளி' என்றொரு கருத்தை முன்வைத்தார். கூலி கொடுப்பவர் மட்டுமல்லாமல், அக்கூலி எவ்வளவு என்பதை வெளியிலிருந்து பாதிக்கும் மனிதரும் நிறுவனங்களும் அரசும்கூடப் பொறுப்பில் பங்குள்ளவர்கள் என்பது அதன் சாரம். மலிவு ஒன்றையே கேட்டு வாங்கும் நாமும் அச்சங்கிலியின் ஒரு சிறு கண்ணி. எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பு என்று மனம் குமைவது வேண்டாதது. நமக்குப் பொறுப்பே இல்லை என்று கைகழுவுவதும் தகாது. சிறிய பங்குக்குச் சிறிய பொறுப்பு உண்டு.

அந்தச் சிறிய பொறுப்பை நாம் எங்கே நிறைவேற்றுவது? தொலைவிலுள்ள மலைக்கு நம் கை எட்டாதிருக்கலாம். பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் குவளை கழுவுபவர் அருகிலேயே இருக்கிறார். நம் வயலில் கரும்பு வெட்டுபவர், களை எடுப்பவர், வீட்டில் பாத்திரம் துலக்குபவர், கோவில் திருவிழாவில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பவர் ஆகியோரும் அருகிலேயே இருக்கிறார்கள். திருவிழா முடிவில் சமையற்காரருக்குப் பொன்னாடை போர்த்திக் கைதட்டுகிறோம். பேசிய கூலியைப் பேசிய நாளில் முழுமையாகக் கொடுத்தோமா? வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்குத் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் சேலை எடுத்துக் கொடுக்கிறோம். அவர் நோயுற்ற நாளுக்குச் சம்பளத்தைப் பிடித்தோமா? சேலை நம் அன்பின் அடையாளம்; சம்பளம் அவருடைய உரிமை. முந்தியதைக் காட்டிப் பிந்தியதைக் குறைப்பது முறையன்று.

இப்படிச் சொல்வதால் நன்றிக்கு இடமில்லை என்றாகாது. நீதி செலுத்தப்பட்ட பின்னரே நன்றி தன் இயல்பான இடத்தை அடைகிறது. உரிய கூலியை முழுவதும் பெற்றவரிடம் "உங்கள் கைப்பக்குவம் அருமை" என்று சொல்லும்போது, அச்சொல்லில் வேறு எதையும் மறைக்க வேண்டிய தேவை இல்லை. கேட்பவரும் தலைநிமிர்ந்து அதை ஏற்கலாம். திருப்பலியில் அப்பத்தைக் காணிக்கையாக்கும் வேளையில் குருவானவர் சொல்லும் செபம், நிலத்தின் கொடையோடு மனிதரின் உழைப்பையும் நினைவுகூர்கிறது. அவ்வுழைப்புக்கு உரியதை மறுத்துவிட்டுப் பீடத்தின்முன் அதை உயர்த்திப் பிடிக்க நம் கைகள் கூசவேண்டும்.

அனைத்துப் புனிதர் பெருவிழாவை ஒட்டி நம் இல்லங்களில் இந்த ரொட்டியைச் செய்து பார்க்கலாம். செய்த அன்றைவிட மறுநாள் அதன் சுவை கூடும். பிள்ளைகளுக்குத் துண்டு போட்டுக் கொடுக்கும்போது தேயிலையின் கதையையும் சொல்லிக் கொடுப்போம். நம் வீட்டில் உழைப்பவருக்கும் ஒரு துண்டு கொடுப்போம். ஆனால் அதற்கு முன் அவருக்குத் தரவேண்டிய பாக்கி ஏதேனும் உண்டா என்று கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்போம்.