ஒன்றரை ஷிப்ட் மறுப்பது சோம்பலா?



குடியை விட்டு இரண்டு மாதமான ஒருவருடைய மனைவி, ஞாயிறு பூசை முடிந்ததும் நம்மிடம் வந்து கேட்டார்: "சாமி, அவரு இப்பக் குடிக்கறதில்லைங்க. ஆனா கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் பாக்கச் சொன்னா மாட்டேங்கறாருங்க. வட்டி ஏறிக்கிட்டே போகுதுங்க. இது சோம்பேறித்தனந்தானுங்களே?"

கேள்வி அற்பமானதன்று. சோம்பல் தலையான பாவம் ஏழில் ஒன்று. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பதோ நீதியின் கட்டளை. கோவை மில்லிலும் பட்டறையிலும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் உழைத்தே முன்னுக்கு வந்த நம் ஊர்களில், வருகிற வேலையை வேண்டாமென்பவனை யார்தான் மெச்சுவர்? ஆயினும் அந்த மனிதர் சோம்பேறியல்லர் என்பதே நம் தீர்ப்பு.

குடியை நிறுத்தியவுடன் தேகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. முதல் சில நாட்களில் கைநடுக்கமும், சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையுங்கூட வரும். (ஆகையால் நெடுநாள் குடித்தவர் வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது.) அதன் பின்னும் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள், தூக்கம் சரிவர வராது, சிறு சொல்லுக்கும் எரிச்சல் மூளும். முன்பெல்லாம் மேஸ்திரி வைததை மறக்கச் சாராயம் இருந்தது. இப்போது அந்த வசவை அப்படியே வீட்டுக்குச் சுமந்து வரவேண்டும். 1935-ல் அமெரிக்காவில் தோன்றி, நம் நாட்டிலும் கூட்டங்கள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தில் ஓர் எச்சரிக்கை வழங்குகிறது: பசி, கோபம், தனிமை, களைப்பு இந்நான்கிலும் ஜாக்கிரதை. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து, சனிக்கிழமை இரவு வாரச் சம்பளத்தோடு தனியே வீடு திரும்புகிறவனிடம் நான்கும் ஒருங்கே கூடிவிடுமன்றோ!

டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட் பன்னிரண்டு வயதில் குடிக்கத் தொடங்கியவர். 1884-ல், தமது 28-ஆம் வயதில், குடியை விட்டார். ஆயுள் முழுவதற்குமென்று அவர் முதலில் வாக்குக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கே கொடுத்தார், பிறகு நீட்டினார். ஒருநாள் கால் தானாகக் கடைக்குள் போய்விட்டதைக் கண்டு, பையில் காசு வைத்துக்கொண்டு நடப்பதையே நிறுத்தினார். முன்பு கடையில் கழிந்த மாலைவேளையைக் கோவிலில் கழித்தார். மரக்கிடங்கில் உழைத்தார், பழைய பாக்கிகளையும் தீர்த்தார். அவருடைய கடுந்தவத்தை நாம் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. காசும் மாலைவேளையும் பற்றிய அவருடைய விவேகத்தையே சொல்கிறோம். 1925-ல் பூசைக்குப் போகும் வழியில் இறந்த அவரை, 1975-ல் திருச்சபை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தது.

எட்டு மணி வேலையைத் தட்டிக்கழித்தால் அது சோம்பலே. வேலையற்ற பகலும் குடியை விட்டவனுக்கு ஆபத்துதான். அதற்குமேல் வரும் நாலு மணி நேரமோ, இந்த முதல் வருஷத்தில், தேகம் இன்னும் சம்பாதிக்காத பலத்தைச் செலவழிப்பதாகும். அவர் மறுபடி விழுந்தால் கடன்காரருக்கும் நஷ்டமே.

இதில் நாமும் தவறியதுண்டு. குடியை விட்டு மூன்று மாதமும் ஆகாத ஒருவரைக் கௌரவிப்பதாக எண்ணித் திருவிழாக் கமிட்டியில் சேர்த்தோம். வசூல் பையும் இரவு விழிப்பும் அவர் தலையில் விழுந்தன. தேர் நிலைக்கு வருமுன்னே அவர் குடித்துவிட்டார். ஊரார் அவரை ஏசினர். நம்மை யாரும் ஏசவில்லை.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்லி, வட்டிக்காரரிடம் ஒரு வருஷத் தவணை கேட்கும்படி கூறினோம். "அவருகிட்டப் போய்க் கேக்கப் பயமா இருக்குதுங்க சாமி" என்றார். செவ்வாய்க்கிழமை நாமும் கூடவே போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.