கவுன்ட்டர் மூடியிருக்கிறது

ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் முடிகிற நேரம். கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்த அந்த அக்கா, அப்படியே ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நல்ல கனத்த சரீரம்.

''ராத்திரி சோத்தைக் கொஞ்சம் கொறைங்கக்கா'' என்றான் பக்கத்தில் நின்ற பையன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் கோபப்படவில்லை. ''எனக்கு ரத்தமே இல்லங்குறாங்க தம்பி. இந்த ஒடம்பைப் பாத்தா யாரு நம்புவா?'' என்றார். ஹீமோகுளோபின் 8-தானாம்.

ரத்தசோகை என்றதும் நம் மனசில் வருவது கன்னம் ஒட்டிய ஒரு பெண்தான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. எடை கூடியவர்கள் 40.4 சதவிகிதம். இந்த இரண்டு கூட்டமும் தனித்தனித் தெருவில் குடியிருக்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பில் இருக்கிற மொத்த இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். அதற்கு ஒரு கேஷியர் உண்டு. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். 2000-ஐ ஒட்டித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கிருமி புகுந்தால் அதற்கு இரும்பு கிடைத்துவிடக் கூடாது என்று கேஷியர் கவுன்ட்டரை மூடிவிடுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், கொழுப்பு ரொம்பச் சேர்ந்தாலும் உள்ளுக்குள் சத்தமில்லாமல் ஓர் அழற்சி நடக்கிறது. கிருமி என்று நினைத்து கேஷியர் அப்போதும் மூடிவிடுகிறார். சாப்பிட்ட இரும்பு குடல் சுவரைத் தாண்டாது. சேமித்ததும் வெளியே வராது. பாஸ்புக்கில் பணம் இருக்கும், எடுக்க முடியாது. ஃபெரிட்டின் பரிசோதனைகூட 'நார்மல்' என்று சொல்லி ஏமாற்றும்.

சரி, எடையைக் குறைத்தால்? என் ஒன்றுவிட்ட அக்கா 112 கிலோ. பட்டினி, நடை, கொள்ளு எல்லாம் பார்த்துவிட்டு, கடன் வாங்கி இரைப்பை பைபாஸ் செய்துகொண்டார். எடை இறங்கியதும் கேஷியர் கவுன்ட்டரைத் திறக்கத்தான் செய்கிறார். ஆனால், இரும்பை முக்கியமாக உறிஞ்சுவது முன்சிறுகுடல். அந்த ஆபரேஷனில் சாப்பாடு அதைத் தொடாமல் சுற்றிப் போகிறது. பாங்க் திறந்துவிட்டது, ரோட்டை மாற்றிவிட்டோம்! இரைப்பை அமிலமும் குறைந்துவிடும். கறி முன்போல் இறங்காது. ஆகவே ஆயுசுக்கும் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை.

அக்கா ஒரு வருஷத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். 'அதான் இளைச்சாச்சே!' முடி கொட்டியது, மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. ''குறுக்கு வழியில இளைச்சா இப்படித்தான்'' என்றார்கள் வீட்டில். 'வாயைக் கட்டு' என்று முன்பு சொன்ன அதே ஆட்கள்.

பட்டினி கிடப்பவருக்கு மூச்சு வாங்கினால் தண்ணீர் கொடுக்கிறோம். பருத்தவருக்கு வாங்கினால், முதலில் தப்பு யாருடையது என்று விசாரணை வைக்கிறோம். தப்பு அவருடையதாகவே இருக்கட்டுமே, மூச்சு வாங்குவது பொய்யாகிவிடுமா?

இதில் எனக்கே ஒரு நெருடல். அந்த மீன்கார அக்காவுக்காக என் மனசு இளகியது ஹெப்சிடினைப் பற்றிப் படித்த பிறகுதான். 'அவர் மேல் குற்றமில்லை' என்று ஒரு ஹார்மோன் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. சாட்சி கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வேன்? அவருக்கு ரத்தம் ஏன் குறைந்தது என்பதுகூட எனக்குத் தெரியாது. மாதாமாதப் போக்காக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. சிரித்தேன்.

போன வாரம் ஒன்றுவிட்ட அக்காவுக்கு போன் செய்து, ''மாத்திரை போடுறியா?'' என்றேன்.

''எல்லாரும் எத்தனை கிலோன்னுதான்டா கேப்பாங்க'' என்றார். மாத்திரைச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.